துரையின் கொடிவழியும் தோட்டத் தமிழரின் கொடிவழியும்: பேராக் மாநிலக் குடும்ப வரலாற்றுத் தேடல் குறித்து ஒரு விளக்கம்

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தை அடுத்துப் பாதுகாக்கப்பட்டுவரும் முதிய இரப்பர் மரத்தின் கொடிவழியைச் சொல்லுதல் எளிது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 வித்துகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில, அக்காலத்துப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலா கங்சார் இல்லத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. இன்று நிற்கும் மரம் அவ்வழியில் எஞ்சியது என்பர். ஒரு மரத்தின் தாய்மண்ணும், அது கடந்துவந்த கடலும், ஊன்றிய கையும் ஆண்டுவாரியாக அறியப்பட்டுள்ளன. அம்மரத்தின் வழிவந்த இலட்சக்கணக்கான மரங்களில் பால் வெட்டிய தமிழரின் பேரப்பிள்ளைகளிடம், “உங்கள் பாட்டனார் எவ்வூரிலிருந்து வந்தார்?” என வினவினால், “தமிழ்நாட்டிலிருந்து” என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிதாகிவிட்டது.

இக்கட்டுரை, பேராக் மாநிலத்தில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடியேறி ஒருவரின் குடும்ப வரலாறு எவ்வாறு தடம் காணப்படுகிறது என்பதை முதற்கண் விளக்குகிறது. பின்னர், அவருடைய நிலத்திலும் அவரையொத்த பிறரது நிலங்களிலும் உழைத்த தமிழரின் குடும்ப வரலாற்றை எச்சான்றுகளைக் கொண்டு மீட்கலாம் என்பதை ஆராய்கிறது. இவ்விரண்டும் தனித்தனித் தேடல்கள் அல்ல. துரையின் தடத்தை முறையாகத் தேடுபவர் தொழிலாளியின் தடத்தையும் கண்டடைய வாய்ப்புண்டு என்பது நம் கருத்து.

மலாயா இரப்பர் வரலாற்றில் ஸ்காட்லாந்தினரின் பங்கு பெரிது. 1821இல் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி, ஸ்காட்லாந்தின் பிரெக்கின் நகரை அடுத்த பகுதியில் பிறந்தவர். 1910இல் மலாக்காவில் சைம் டார்பி நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் வில்லியம் சைமும் ஸ்காட்லாந்தினரே. 1888இல் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கி இரப்பரின் தேவையைப் பன்மடங்காக்கிய ஜான் பாய்டு டன்லப்பும் அந்நாட்டு அயர்சயர் பகுதியில் பிறந்தவர்தாம். ஆகவே, ‘வெள்ளைக்காரத் துரை’ என்று நம் மக்கள் பொதுப்படச் சுட்டிய பலர், ஆங்கிலேயர் அல்லர். தமக்கெனத் தனிச் சட்டமும் திருச்சபையும் பதிவேட்டு முறையும் கொண்ட பிறிதொரு நாட்டினர். இவ்வேறுபாட்டை அறியாது இங்கிலாந்தின் ஆவணங்களுள் அவர்களைத் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

கெல்லி ஸ்மித்: ஓர் எடுத்துக்காட்டு

பேராக்கில் பரவலாக அறியப்பட்ட ஸ்காட்லாந்துக் குடியேறி வில்லியம் கெல்லி ஸ்மித் ஆவார். பத்து காஜாவிற்கும் கோப்பெங்கிற்கும் இடையே முற்றுப்பெறாது நிற்கும் ‘கெல்லி கோட்டை’ அவர் கட்டியது. 1870இல் ஸ்காட்லாந்தின் வடபால் உள்ள மோரே பகுதியில் பிறந்த அவர், 1890இல், இருபது வயதில், மலாயாவிற்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கரின் நில அளவைப் பணியில் சேர்ந்து, காடழிக்கும் வேலையில் ஈட்டிய பொருளைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம் வாங்கி இரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். தோட்டத்திற்கு அவர் சூட்டிய பெயர் ‘கிந்தா கெல்லாஸ்’. கெல்லாஸ் என்பது மோரேயில் உள்ள சிற்றூர்.

குடும்ப வரலாற்று ஆய்வாளருக்கு இத்தோட்டப் பெயரே முதற்சான்று. புலம்பெயர்ந்தோர் தம் பிறந்தகத்தின் பெயரைப் புதுமண்ணில் ஊன்றுவது உலகப் பொது வழக்கு. தோட்டப் பெயர் கெல்லாஸ் என்றால், தேட வேண்டிய கோயிற்பற்றும் மாவட்டமும் எவையெனத் தெரிந்துவிடுகின்றன. ‘ஸ்மித்’ என்பது ‘கொல்லர்’ எனப் பொருள்படும் தொழிற்பெயர். ஸ்காட்லாந்தில் மிக மலிந்தது. வெறும் ‘வில்லியம் ஸ்மித்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பர். ஊர்ப்பெயர் அறிந்தபின் அத்தொகை கைவிரல் எண்ணிக்கைக்குக் குறையும்.

‘கெல்லி’ என்பது அவருடைய தாய்வழிப் பெயர் எனப் பலரும் எழுதியுள்ளனர். இத்தகைய கூற்றை வழிவழியாகப் படியெடுக்காமல் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை ஸ்காட்லாந்துப் பதிவேடுகள் தருகின்றன. அங்கு 1855ஆம் ஆண்டு முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசே பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பிறப்புப் பதிவில் தந்தை பெயரும் தொழிலும், தாயின் பெயரும், மணத்திற்கு முன் தாய்க்கு இருந்த குடும்பப்பெயரும் இடம்பெறும். 1861 முதல் பெற்றோரின் திருமண நாளும் இடமும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 1870இல் பிறந்த ஒருவரின் பிறப்புப் பதிவு ஒன்று கையில் கிடைத்தால், அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவிற்குச் செல்லலாம். அதில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் உண்டு. இவ்வாறு இரண்டே ஏடுகளில் பாட்டன் பாட்டி நால்வரையும் எட்டிவிட இயலும். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாய்தந்தையர் பெயர்கள் கேட்டு எழுதப்பட்டன. அக்காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் இவ்வசதி இல்லை. 1855க்கு முற்பட்ட காலத்திற்குத் திருச்சபையின் பழைய கோயிற்பற்றுப் பதிவேடுகளும், 1841 முதல் பத்தாண்டுக்கொரு முறை பெயர்வாரியாக எடுக்கப்பட்ட குடிக்கணக்கும் துணை செய்யும்.

ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்ட ஆவணங்களில் தன் பிறந்தகப் பெயரை இழப்பதில்லை. கல்லறைக் கல்வெட்டிலும் அப்பெயர் பொறிக்கப்படுவதுண்டு. மேலும், முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும், முதல் மகளுக்குத் தாயின் தாய் பெயரையும் இடுவது அங்குப் பரவலான வழக்கு. பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’. அதுவே ‘பேரன்’ என்றாயிற்று என்பதைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இவ்வொப்புமையை வகுப்பில் எடுத்துக்காட்டலாம். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. அங்கு அப்பெயர்கள் ஏட்டில் ஏறின. இங்கு அவை பாட்டியின் நினைவில் மட்டும் நின்றன.

கெல்லி ஸ்மித்தின் பிற்கால வாழ்வும் இவ்வாறே தடம் காணத்தக்கது. 1903இல் ஆக்னஸ் என்பாரை மணந்தார். மகள் ஹெலன், மகன் அந்தோணி என இரு மக்கள். 1915இல் மகன் பிறந்த காலத்தில் பெரிய மாளிகையின் பணி தொடங்கியது. அப்பணிக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர் என்பர். 1926 திசம்பரில் போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் நிமோனியா கண்டு அவர் இறந்தார். மாளிகை நின்றுபோயிற்று, குடும்பம் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது, நிலம் ஹாரிசன்ஸ் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்திற்குக் கைமாறியது. அயல்நாட்டில் இறந்த பிரித்தானியரின் இறப்புகள் துணைத்தூதரகப் பதிவேடுகளில் எழுதப்பட்டன. சொத்துடையோர்க்கு விருப்ப முறிச் சான்றுகளும் உண்டு. ஆக, பிறந்த ஊர் தொட்டு இறந்த நகர் வரை ஒரு தனிமனிதரின் வாழ்வு காகிதத்தால் கோக்கப்பட்டுள்ளது.

அந்த எழுபது கைவினைஞருள் ஒருவரின் பெயரேனும் இம்மாளிகை பற்றிய பரவலான எழுத்துகளில் இடம்பெறவில்லை.

மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள மகாமாரியம்மன் கோயில் இவ்விடத்திற் கருதத்தக்கது. கொள்ளைநோய் தோட்டத்தைத் தாக்கியபோது தொழிலாளர் வேண்டிக்கொண்டதன்பேரில் கெல்லி ஸ்மித் கோயில் எடுப்பிக்க உதவினார் என்றும், நன்றியாக அவருடைய உருவைத் தொழிலாளர் கோயிலின் மேற்பகுதியில் தெய்வ வடிவங்களுக்கிடையே அமைத்தனர் என்றும் மரபுச்செய்தி வழங்குகிறது. வெண்ணிற உடையும் தொப்பியுமாய் நிற்கும் அவ்வுருவம் இன்றும் காண்போர் கண்ணில் படுகிறது. துரையின் கதையில் தொழிலாளர் பெயரற்றவராயினர். தொழிலாளரின் கோயிலிலோ துரைக்கும் இடம் கிடைத்தது. இதனை அடிமை மனப்பான்மை என ஒதுக்குவாரும் உளர். நன்கொடையாளரின் உருவைக் கோயிலில் அமைக்கும் தமிழ்நாட்டுக் கோயில் மரபின் நீட்சியாகவே நாம் இதனைக் கொள்கிறோம்.

ஏட்டில் ஏறாத வழித்தோன்றல்கள்

ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவோர் அனைவரும் ஸ்காட்லாந்தில் வாழ்வோர் அல்லர். தோட்டத் துரைமார் சிலர்க்கு உள்ளூர்ப் பெண்கள்வழிப் பிள்ளைகள் இருந்தனர். இவ்வகைத் தேடலுக்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு வடகிழக்கு இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்னும் ஸ்காட்லாந்து மதகுரு 1900இல் கலிம்போங்கில் நிறுவிய இல்லங்களில், தேயிலைத் தோட்டத் துரைமார்க்கும் தோட்டப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர். 1908 முதல் 1938 வரை அவர்களுள் ஏறத்தாழ 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் தம் பிறப்பைத் தம் மக்களிடமும் சொல்லாது மறைத்தே வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரின் பேத்தியாகிய ஜேன் மெக்கேப் என்னும் வரலாற்றாய்வாளர் இக்குடும்பங்களின் கதையைப் பின்னர் விரிவாக ஆராய்ந்து நூலாக்கினார். அத்தேடல்களில் தந்தைவழியைக் காண்பது ஓரளவு கைகூடியது. அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், எனவே பதிவில் இருப்பவர். தாயையும் தாயின் ஊரையும் காண்பதே கடினமாயிற்று. மலாயாவில் இத்தகைய வழித்தோன்றல்களைத் தேடப் புகுவோரும் இதே இடத்தில்தான் முட்டி நிற்பர். தாய்வழியைத் தேடுவது தோட்டத் தமிழர் வரலாற்றைத் தேடுவதே ஆகும்.

தோட்டத் தமிழருக்குரிய சான்றுகள்

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேர்க்குக் கப்பல்வாரியான பதிவேடுகள் எஞ்சியுள்ளன. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர் ஆகியன அவற்றில் உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனாரின் ஊரை அவற்றின்வழி அறிய இயலும். மலேசியத் தமிழர்க்கு அத்தகைய முழுமையான தொகுப்பு வாய்க்காமைக்குக் காரணம், இங்குக் குடியேற்றம் நிகழ்ந்த முறையே ஆகும். ஒப்பந்த முறை மலாயாவில் 1910உடன் முடிவுற்றது. அதன் இடத்தைப் பிடித்த கங்காணி முறையில், தோட்டத்திலேயே வேலை செய்த கங்காணி உரிமச் சீட்டுடன் தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்துவந்தார். 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறியோர் ஒப்பந்தத்தால் கட்டப்பட்டவர் அல்லர். ஆகவே ஒவ்வொருவர்க்கும் ஒப்பந்த ஏடு எழுதிக் காக்க வேண்டிய தேவை அரசுக்கு எழவில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்நிலை நீடித்தது. கட்டு தளர்ந்தது நன்றே. ஆயின் அதனோடு பதிவும் தளர்ந்தது.

எனினும் கங்காணி முறையே நமக்கொரு திறவுகோலையும் தருகிறது. கங்காணி தன் ஊரையும் அண்டை ஊர்களையும் சார்ந்தே ஆள் திரட்டினார். எனவே ஒரு கங்காணியின் கீழ் வேலை செய்த குடும்பங்களுள் ஒன்றன் ஊர் தெரிந்தாலும், ஏனைய குடும்பங்களைத் தேட வேண்டிய வட்டாரம் ஏறத்தாழப் புலனாகும். தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் ஏடுகள் கங்காணிவாரியாகப் பெயர்களைத் தொகுத்தவை. காலையில் பெரட்டுக்கு நின்றவர் பெயர் அன்றன்று குறிக்கப்பட்டது. குடும்பத்தினர் ஒரே கங்காணியின் கீழ் அடுத்தடுத்துக் காணப்படின் உறவுமுறையை ஊகித்தல் எளிது.

பெயர்களைக் கையாளும்போது விழிப்புத் தேவை. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே தொடர்கிறது. ஆகவே தலைமுறைதோறும் இறுதிப் பெயர் மாறும். எழுதிய கிராணி மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருந்திருக்கலாம். முனுசாமி, முனிசாமி, மூனுசாமி ஆகிய மூன்றும் ஒரே ஆளாக இருக்கக் கூடும். ரோமன் எழுத்தில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஊர்ப்பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. ‘தென் ஆர்க்காடு, கள்ளக்குறிச்சி’ என்று பழைய கடிதத்தில் கண்டால், அவ்வட்டம் 1993இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும், 2019இல் தன் பெயரிலேயே அமைந்த தனி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று என்பதை அறிந்தே தேட வேண்டும்.

ஏடுகள் கைவிட்ட இடத்தில் குலதெய்வம் துணைவருகிறது. இதனை ஆய்வாளர் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது நம் எண்ணம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை எளிதில் மறப்பதில்லை. காதணி விழாவிலும் திருமணத்திலும் அதற்கு வேண்டுதல் வைக்க நேர்கிறது. அங்காளம்மன் என்றால் மேல்மலையனூரை நோக்கியும், கூத்தாண்டவர் என்றால் கூவாகத்தை நோக்கியும் எண்ணம் செல்லும். பச்சையம்மன், திரௌபதியம்மன் வழிபாடுகள் வட தமிழகத்தில் மிகுதி. மதுரைவீரனும் முனியாண்டியும் எங்கும் பரவியவர். அவர்களை மட்டும் கொண்டு வட்டாரத்தைக் கணிக்க இயலாது. குலதெய்வத்துடன் சாமி கும்பிடும் முறை, பலிப்பொருள், மொட்டையடிக்கும் வழக்கம், தாய்மாமன் சீர் ஆகியவற்றையும் சேர்த்து வினவினால் வட்டாரம் மேலும் தெளியும்.

இவற்றையடுத்துத் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென்றது. அப்பள்ளிகளின் பதிவேடுகளில் மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், முன் பயின்ற பள்ளி ஆகியன காணப்படும். இப்பதிவேடுகள் இன்று பேரிடரில் உள்ளன. தோட்டங்கள் 1950களிலும் 1960களிலும் துண்டாடி விற்கப்பட்டன; பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. பள்ளிகள் இடம்பெயர்ந்தன, இணைக்கப்பட்டன, மூடப்பட்டன. தோட்ட அலுவலகம் இடிக்கப்படும் நாளில் செக்ரோல் ஏடுகளைக் கேட்டுப் பெறுவார் எவரும் இலர். துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து நிலத்தைக் காத்தார். ஏடுகளைக் காக்க அத்தகைய சங்கம் எதுவும் தோன்றவில்லை.

சம்பந்தனின் குடும்பமே இதற்கொரு மறுதலைச் சான்று. கோலா கங்சார் மாவட்டத்துச் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த அவருடைய தந்தையார் வீராசாமி 1896இல் மலாயா வந்து, தோட்ட உடைமையாளராக உயர்ந்தவர். அக்குடும்பத்தின் வருகையாண்டு நமக்குத் தெரிகிறது. நிலம் உள்ளவர்க்கு நிலப்பட்டா உண்டு; பட்டா உள்ளவர்க்கு வரலாறு உண்டு. அதே வட்டாரத்தில் 1948 சூன் 16ஆம் நாள் கொல்லப்பட்ட ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவரின் பெயர்களும் வரலாற்று நூல்கள் பலவற்றில் உள்ளன. சப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தோட்டத் தமிழரின் பெயர்களோ முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. பல குடும்பங்களின் கொடிவழி 1943ஆம் ஆண்டில் அறுபட்டு நிற்பது இதனாலேயே. 1969க்குப் பின் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்ற பல்லாயிரவர் தமிழகம் திரும்பியபோது, அவர்களோடு குடும்ப நினைவுகளும் கப்பலேறின. பிறப்புச் சான்று இன்றிச் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமையடைந்தோர்க்கு இது வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. மலாயாவில் பிறந்ததை மெய்ப்பிக்கும் ஏடு ஒன்று கிடைப்பதும் கிடையாமையும் குடியுரிமையையே தீர்மானித்திருக்கிறது.

இவ்விடத்தில்தான் துரையின் தடம் பயன்படுகிறது. ஹாரிசன்ஸ் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஆவணங்கள் இலண்டன் பெருநகர ஆவணக் காப்பகத்தில் (2024 முதல் அது ‘இலண்டன் ஆவணக் காப்பகம்’) பேணப்படுகின்றன. கத்ரி நிறுவனத்தின் ஆவணங்களை இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுகள் பள்ளி நூலகம் காத்துவருகிறது. இத்தகைய நிறுவன ஏடுகளில் தொழிலாளர் பெயரை எதிர்பார்ப்பதற்கில்லை, எண்ணிக்கையே மிகுதி. ஆயினும் ஒரு தோட்டம் எவ்வாண்டு திறக்கப்பட்டது, எவரிடமிருந்து வாங்கப்பட்டது, எக்காலத்தில் ஆட்களைப் பெருக்கியது என்பன இவ்வகை ஏடுகளில் தேடத்தக்கவை. அவ்வாண்டை அறிந்தால், கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் எவ்வாண்டுக் கோப்புகளைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிறது. ஆண்டு தெரியாமல் காப்பகத்தில் நுழைவது ஆற்றில் போட்டதைக் கடலில் தேடுவது போலாகும்.

கோலா கங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழாசிரியர்கள் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரைக் கொண்டே இப்பணியைத் தொடங்கலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்தல் ஒருநாள் வேலை. தனியார் விவரங்கள் அடங்கியிருப்பதால் அதனை வெளியிடாமல் பள்ளியிலும் ஆய்வு நூலகம் ஒன்றிலும் படி வைத்தல் போதும். வீட்டிலுள்ள முதியோரிடம் வினவும்போது, “எந்த ஊர்?” என்ற வினாவை இறுதிக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று, தெரியாது என்ற விடை முதலிலேயே வந்துவிட்டால் உரையாடல் அத்துடன் நின்றுவிடும். குலதெய்வம், வந்த கப்பல், இறங்கிய துறை, முதலில் இருந்த லயம், எந்தத் துரை காலம் என்று கேட்டுச் செல்ல வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் வந்தோம் என்று பாட்டி சொன்னால், வருகையாண்டின் மேல் எல்லை உடனே கிடைக்கிறது. சொல்லும் ஊர்ப்பெயரை அவர் ஒலிக்கும்வண்ணமே எழுத வேண்டும். நாமறிந்த ஊரின் பெயராகத் திருத்தி எழுதிவிடக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அழைத்துவந்த கங்காணியின் பெயரையும் அவர் எந்தத் துரையிடம் வேலை செய்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.